கோட்டைக்குப் போகுமுன் யாராவது சொல்லியிருக்கலாம்

செயின்ட் ஜார்ஜ் கோட்டையையும் அதற்கு வடக்கே ஒட்டிக் கிடக்கும் ஜார்ஜ் டவுனையும் உருப்படியாகப் பார்த்து முடிக்க எனக்கு மூன்று நடை ஆனது. முதல் இரண்டு நடையும் வீண். லீவு போட்டதில் போன ஒரு நாள் சம்பளம் 850 ரூபாய், ஆட்டோவுக்கு 380, ‘பாஸ் வாங்கித் தர்றேன்’ என்று சொன்ன ஒருவரிடம் கொடுத்த 300. ஆக 1,530 ரூபாய். தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள் நான். பஸ் ஜன்னலிலிருந்து ஆயிரம் முறை அந்தக் கொடிமரத்தைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் யாரையும் கேட்காமல் தனியாகக் கிளம்பினேன். பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் இந்த இடத்தைப் பற்றி எதுவும் தெரிவதில்லை என்று இப்போது நினைக்கிறேன். வெளியூர்க்காரர்கள் நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

முதல் தடவை போனது ஒரு வெள்ளிக்கிழமை, மே மாதம். ராஜாஜி சாலை வாசலில் பையை ஸ்கேனரில் போடப் போகும்போதே அங்கிருந்த பெண் காவலர், “மியூசியத்துக்காம்மா? இன்னிக்கு வெள்ளிக்கிழமை, லீவு” என்றார். கோட்டை அருங்காட்சியகம் தொல்லியல் துறையுடையது, வெள்ளிதோறும் விடுமுறை. நம்மில் பெரும்பாலோர் திங்கள்கிழமைதான் மூடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆகவே முதல் விஷயம்: வெள்ளிக்கிழமை போகாதீர்கள். இரண்டாவது, இது சுற்றுலாத் தலமாக நடத்தப்படும் இடமே இல்லை. தலைமைச் செயலகமும் சட்டப்பேரவையும் ராணுவ அலுவலகங்களும் இயங்கும் வளாகம், அதற்குள் ஒரு அருங்காட்சியகமும் ஒரு தேவாலயமும் இருக்கின்றன. பேரவை கூடும் நாட்களில் வாசலில் கெடுபிடி அதிகம், கார்களுக்கு வழிவிடவே கால் மணி நிற்க வேண்டிவரும். ஆகஸ்ட் 15க்கு முந்தைய நாட்களில் அணிவகுப்பு ஒத்திகைக்காக ராஜாஜி சாலையில் போக்குவரத்தையே திருப்பிவிடுவார்கள். பேப்பரில் ‘பேரவை இன்று கூடுகிறது’ என்று இருந்தால் அந்த வாரத்தைத் தள்ளிப்போடுவது நல்லது.

என்னைக் கேட்டால் சனிக்கிழமை காலைதான் சரியான நேரம். செயலகத்துக்கு விடுமுறை, அருங்காட்சியகம் திறந்திருக்கும், ஜார்ஜ் டவுன் கடைகளும் திறந்திருக்கும். ஞாயிறு வேறு மாதிரி. தேவாலயத்தில் காலை ஆராதனை நடப்பதால் அந்த நேரத்தில் சுற்றிப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. ஆனால் ஜார்ஜ் டவுனில் கடைகள் மூடிக் கிடப்பதால், வார நாட்களில் பேனரும் மூட்டையும் மறைத்திருக்கும் பழைய கட்டடங்களின் முகப்பு அன்றைக்குத்தான் கண்ணில் படும். கட்டடம் பார்க்க ஞாயிறு, உள்ளே போய்ப் பார்க்கச் சனி என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது தடவை ஏமாந்தேன். பாரிமுனையில் இறங்கி வழி கேட்டபோது, “செக்ரட்டேரியட்டுக்குள்ள சும்மா விடமாட்டாங்கம்மா, பாஸ் வேணும்” என்று ஒருவர் கூடவே நடந்து வந்தார். 300 ரூபாய் வாங்கிக்கொண்டு, “இங்கயே நில்லுங்க” என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். பணம் போனதைவிட, எப்போது கிளம்புவது என்று தெரியாமல் அங்கே நின்றதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. யாருக்கும் நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்: அருங்காட்சியகத்துக்கும் தேவாலயத்துக்கும் போக பாஸ் எதுவும் வேண்டாம். ஆதார் அல்லது வேறு அடையாள அட்டை அசல் இருந்தால் போதும். வாசலில் எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்கள், ‘மியூசியம்’ என்று சொல்லுங்கள், பையைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். காசு கொடுக்க வேண்டிய ஒரே இடம் அருங்காட்சியக டிக்கெட் கவுன்டர், அதுவும் சிறிய தொகைதான். வெளிநாட்டவருக்குத்தான் கட்டணம் பல மடங்கு.

வழியைப் பற்றி ஒன்று. ‘கோட்டை’ என்று ரயில் நிலையத்துக்குப் பெயர் இருப்பதை நம்பி அங்கே இறங்கினால் சுற்ற வேண்டியிருக்கும். நிலையம் கோட்டைக்கு மேற்கே இருக்கிறது, பார்வையாளர் வாசலோ கிழக்கே கடல் பக்கம். மெட்ரோவில் உயர்நீதிமன்றம் ஸ்டேஷனில் இறங்கினால் பாரிமுனை வழியாக இருபது நிமிட நடை. வெயிலுக்கு அஞ்சினால் ராஜாஜி சாலையில் போகும் எந்தப் பஸ்ஸிலாவது ஏறி ‘தலைமைச் செயலகம்’ என்று சொல்லி இறங்கிவிடலாம். சொந்த வண்டியில் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிறுத்த இடம் தேடுவதிலேயே அரை மணி நேரம் போய்விடும், பிறகு ஜார்ஜ் டவுனுக்குள் அந்த வண்டியோடு மீன்பாடி வண்டிக்கும் கைவண்டிக்கும் நடுவே திண்டாட வேண்டும். பெண்கள் தனியாகப் போனால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: கழிவறை. அருங்காட்சியகத்தில் போய்விட்டு வாருங்கள். ஜார்ஜ் டவுனுக்குள் போனபிறகு நம்பிக்கையாக இருப்பவை உயர்நீதிமன்றம், மண்ணடி மெட்ரோ ஸ்டேஷன்கள்தான்.

இனி உள்ளே. முதலில் பலருக்கு வருவது ஏமாற்றம், எனக்கும் வந்தது. செஞ்சியையும் வேலூரையும் பார்த்த கண்ணுக்கு ‘இதில் கோட்டை எங்கே?’ என்று தோன்றும். மலை இல்லை, உயரமான கொத்தளம் இல்லை. காரணம் புரிந்தால் ஏமாற்றம் போய்விடும். 1639 ஆகஸ்ட் 22 அன்று தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து பிரான்சிஸ் டே கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பெற்றது வெறும் மணல் திட்டு. மறு ஆண்டு செயின்ட் ஜார்ஜ் திருநாளான ஏப்ரல் 23ஐ ஒட்டி அங்கே எழுந்த சிறு கட்டுமானத்துக்கு அந்தப் பெயர் வந்தது. இன்று நாம் பார்க்கும் மதில்கள் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிற்பட்டவை. பீரங்கிக் காலத்தில் உயரமான மதில் நல்ல இலக்காகிவிடும். அதனால் தாழ்வாக, தடிமனாக, சாய்வாக, மூலைக்கு மூலை கோணம் வைத்துக் கட்டினார்கள், முன்னால் அகழி வெட்டினார்கள். மேற்குப் பக்கம் போனால் அந்தக் கோணங்களும் அகழியும் இன்றும் தெரியும். கிழக்கே நேர்கோடாக இருப்பதற்குக் காரணம் அங்கே கடல் இருந்ததுதான். ராஜாஜி சாலைக்கு அப்பால் உள்ள நிலம் பெரும்பாலும் துறைமுகம் கட்டிய பிறகு மணல் சேர்ந்து உண்டானது. வாசலில் செக்கிங்குக்கு நிற்கும்போது உங்கள் காலடி வரை அலை அடித்த இடம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அருங்காட்சியகத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். காலை 10 மணிக்கு உள்ளே இருக்கிற மாதிரி போவது உத்தமம். மாலை 5 மணிக்கு மூடுவார்கள் என்பதால் 4 மணிக்கு மேல் நுழைவது வீண். பலரும் உள்ளே வைத்திருக்கும் வாளையும் பீங்கானையும் பார்த்துவிட்டுக் கட்டடத்தைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். 1790களில் வணிகர்கள் கூடி விலை பேசிய இடம் அது, மெட்ராஸ் வங்கியும் அங்கே இயங்கியது. அதன் மொட்டை மாடியில்தான் 1796இல் நகரத்தின் முதல் கலங்கரை விளக்கு ஏற்றப்பட்டது, தேங்காய் எண்ணெயில் எரிந்த விளக்கு. 1844இல் இப்போதைய உயர்நீதிமன்ற வளாகத்தில் கல் தூண் ஒன்று எழும்பும்வரை கப்பல்களுக்கு வழிகாட்டியது இந்த மாடிதான். உள்ளே படிக்கட்டருகே கவர்னர் ஜெனரலாக இருந்த கார்ன்வாலிஸின் பளிங்குச் சிலை பெரிதாக நிற்கிறது. எல்லோரும் முகத்தைப் பார்த்து நகர்ந்துவிடுகிறார்கள். பீடத்தைக் குனிந்து பாருங்கள். திப்பு சுல்தானின் இரண்டு பிள்ளைகளைப் பிணையாக ஒப்படைக்கும் 1792ஆம் ஆண்டுக் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. சிறு பையன்கள் அவர்கள். அந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றேன். மேல் மாடியில் 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய மூவர்ணக் கொடியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். படியேறச் சோம்பல்பட்டுப் பலர் அதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள், அது பெரிய இழப்பு.

படம் எடுப்பதில் கவனம் தேவை. வளாகத்தில் கைபேசியைத் தூக்கிப் பிடித்துச் சுற்றிச் சுற்றி எடுத்ததால் என்னை நிறுத்தி, ராணுவப் பகுதி தெரியும் படங்களை ஒவ்வொன்றாக அழிக்கச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், ஆனாலும் அரை மணி நேரம் போனது, கை நடுங்கியது. எடுப்பதற்கு முன் பக்கத்தில் நிற்கும் காவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்டால் எங்கே எடுக்கலாம் என்று அவர்களே காட்டுகிறார்கள். பேரவையின் கருங்கல் தூண்களைப் பார்க்க ஆசைப்பட்டால் அது நடக்காது. பிரெஞ்சுக்காரர்கள் 1746இல் கோட்டையைப் பிடித்தபோது கழற்றிப் புதுச்சேரிக்குக் கொண்டுபோய், 1761இல் புதுச்சேரி விழுந்த பிறகு திரும்பி வந்த தூண்கள் அவை. சாதாரணப் பார்வையாளரை அந்தப் பக்கம் விடுவதில்லை.

புனித மேரி தேவாலயத்துக்கு முக்கால் மணி நேரமாவது கொடுங்கள். 1680 அக்டோபர் 28இல் அர்ச்சிக்கப்பட்டது. உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள். மரக்கட்டையே இல்லாமல், அரை வட்டமாக வளைத்துச் செங்கல்லால் கட்டிய கூரை. இரண்டு அடி தடிமன், வெளிச்சுவர் நாலு அடி. குண்டு விழுந்தால் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டிய கோயில் அது. 1758 டிசம்பரிலிருந்து 1759 பிப்ரவரிவரை பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டபோது அந்தக் கணக்கு சரியென்று தெரிந்தது. இங்கே நடந்த முதல் திருமணம், பின்னாளில் மெட்ராஸ் கவர்னரான எலிஹு யேலுடையது. ராபர்ட் கிளைவ் 1753 பிப்ரவரி 18இல் மணம் முடித்ததும் இங்கேதான்.

வெளியே தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். அடியில் யாரும் புதைக்கப்படவில்லை என்பதை அறியாமல் பலர் ஒதுங்கி ஒதுங்கி நடப்பதைப் பார்த்தேன். பின்னாளில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்த பழைய இடுகாட்டிலிருந்து வந்தவை இவை. முற்றுகையின்போது பிரெஞ்சு வீரர்கள் அந்தக் கல்லறைகளின் மறைவிலிருந்து சுட்டதால், மறுபடி யாரும் அப்படி ஒளியக் கூடாது என்று இடுகாட்டைத் தரைமட்டமாக்கிக் கற்களை மட்டும் இங்கே கொண்டுவந்து பதித்தார்கள். லத்தீனிலும் போர்த்துகீசிய மொழியிலும் எழுதிய கற்கள் உண்டு. காலை 11 மணிக்கு மேல் சாய்வான வெளிச்சம் போய்விடுவதால் எழுத்து தெரியாது, கல்லும் சுடும். ஆகவே 9 மணிக்கே வந்துவிட முடிந்தால் முதலில் இந்தக் கற்கள், பிறகு தேவாலயம், அப்புறம் அருங்காட்சியகம் என்று வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து ஜார்ஜ் டவுன். இங்கேதான் நேரக் கணக்கு எனக்கு மறுபடி தவறியது. கோட்டையிலிருந்து வெளியே வரும்போது 12 தாண்டியிருந்தது. தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது கதவு சாத்திவிட்டார்கள். இந்தப் பகுதிக் கோயில்கள் எல்லாமே உச்சிவேளையில் மூடி மாலை 4 அல்லது 5 மணிக்குத்தான் திறக்கும். நாலு மணி நேரம் எங்கே உட்காருவது? நிழலுக்கு மரமில்லாத தெருக்கள், திண்ணை இருந்த வீடெல்லாம் குடோன் ஆகிவிட்டது. தலை சுற்றிக் கீழே விழாத குறையாக ஒரு ஜூஸ் கடையில் போய்ச் சாய்ந்தேன். தண்ணீர் இரண்டு லிட்டர் கையில் இருக்க வேண்டும், ஒரு பாட்டில் போதாது. கோயில் முக்கியம் என்றால் காலையில் ஜார்ஜ் டவுனை முடித்துவிட்டு மதியம் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். கட்டடத்துக்குள் இருக்கிற நேரம் உச்சி வெயிலாக அமைவதே நல்ல திட்டம். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி என்றால் இந்தக் கவலை பாதி குறையும்.

கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கோட்டைக்கு உள்ளே இருந்தது வெள்ளையர் ஊர், அதை வாழ வைத்த நெசவாளியும் துபாஷும் (மொழிபெயர்ப்புத் தரகர்) செட்டியாரும் இருந்தது வெளியே. அந்தப் பழைய கறுப்பர் நகரம் இப்போது இல்லை. உயர்நீதிமன்றமும் பழைய சட்டக் கல்லூரி வளாகமும் நிற்கிற இடம்தான் அது. பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பகுதியை இடித்தார்கள். மீதியைக் கம்பெனியே இடித்தது, கோட்டையிலிருந்து சுட்டால் எதிரி தெளிவாகத் தெரிய வேண்டும் என்று. அப்படி 1757இல் இடிபட்டதுதான் சென்னக்கேசவப் பெருமாள் கோயில். பின்னர் மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று, பூக்கடை அருகே சென்னமல்லீஸ்வரரும் பக்கத்திலேயே இருக்கும்படி மறுபடி எழுப்பினார்கள். நம் ஊரின் பெயரைத் தாங்கிய தெய்வங்கள் இருவரும் இடம்பெயர்க்கப்பட்டவர்கள். ஐகோர்ட் மதிலைத் தாண்டும்போது இதை நினைக்காமல் என்னால் இப்போது நடக்க முடிவதில்லை. இப்படி இடித்து உண்டாக்கிய வெட்டவெளியின் எல்லைக்கு 1773இல் ஆறு தூண்கள் நட்டார்கள். மிச்சமிருக்கும் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டட வளாகத்தில் நிற்கிறது. அதற்கும் கோட்டைக்கும் நடுவே உள்ள தூரத்தை நடந்து பார்த்தால், ஒரு ஊரை எவ்வளவு பெரிதாகத் துடைத்தெடுத்தார்கள் என்று காலுக்கே தெரியும். உயர்நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில், 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் குண்டு வீசியதைக் குறிக்கும் பலகை இருக்கிறது, அதையும் வெளியிலிருந்தே படித்துவிடலாம்.

அர்மேனியன் தெருவில் அர்மேனியன் தேவாலயத்துக்குக் கட்டாயம் போங்கள். 1772இல் கட்டியது. உள்ளே போனதும் தெருச் சத்தம் அப்படியே அடங்கிவிடும். உலகின் முதல் அர்மேனிய இதழை 1794இல் சென்னையிலிருந்து வெளியிட்ட பாதிரியார் ஹருத்யுன் ஷ்மாவோன்யானின் கல்லறை இங்கே இருக்கிறது. மதியத்துக்கு மேல் இதையும் மூடிவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் வேண்டாம், புனித அந்தோணியாரைப் பார்க்க வருகிற கூட்டத்தில் தெருவே நகராது.

கடைசியாக மதில். 1767இல் ஹைதர் அலியின் குதிரைப்படை சாந்தோம் வரை வந்து போன பிறகு, புதிய கறுப்பர் நகரத்துக்கு, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனுக்கு, வடக்கிலும் மேற்கிலும் பால் பென்ஃபீல்டு என்பவர் மதில் கட்டினார். செலவைக் குடிமக்கள் தலையில் கட்டப் பார்த்தது கம்பெனி, அந்த மதில் வரியின் (வால் டாக்ஸ்) பெயர்தான் வால்டாக்ஸ் சாலைக்கு. ஊர் அந்த வரியைச் செலுத்தவில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. யானைக்கவுனி என்ற பெயரை நம்பி வாசலைத் தேடி ஆட்டோவில் போனேன், 120 ரூபாய். கவுனி என்றால் வாயில், ஆனால் அங்கே வாயில் எதுவும் இல்லை, ரயில் தண்டவாளமும் பாலமும்தான். மதிலைப் பார்க்க வேண்டுமானால் பழைய சிறைச்சாலைத் தெருவுக்குப் போக வேண்டும். மண்ணடியிலிருந்து வடக்கே நடக்கலாம். “மாடிப் பூங்கா எங்கே?” என்று கேளுங்கள், ‘பழைய மதில்’ என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மதிலின் மேலேயே பூங்கா அமைத்ததால் அந்தப் பெயர். பூட்டியிருந்தால் மனம் தளர வேண்டாம், மதிலின் உடம்பு தெருவிலிருந்தே தெரியும். பக்கத்தில் போய்க் கையை வைத்துப் பாருங்கள், அந்தத் தடிமனைப் படத்தில் பிடிக்க முடியாது.

திரும்பும்போது மாலை ஆகியிருந்தால் செகண்ட் லைன் பீச் வழியாகக் கடற்கரை ஸ்டேஷனுக்கு வாருங்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் தொடங்கிய அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடைகள் அங்கே வரிசையாக இருக்கும். வாழைத்தண்டு சூப்பைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். கடையில் கூட்டம் சேருவதற்குள், ஆறரை மணிக்குள் போனால் உட்கார்ந்து சாப்பிட ஸ்டூல் கிடைக்கும்.